போனைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க

அந்தப் போனை உள்ள வைங்க சார். பஸ் எங்க போயிட்டிருக்குதுன்னுதானே பாக்கறீங்க? என்னைக் கேளுங்க, நான் சொல்றேன். ஜன்னலுக்கு வெளிய ஊரே ஓடுது, அதை விட்டுப்போட்டு கண்ணாடிக்குள்ள ஒரு நீலப் புள்ளி ஓடறதப் பாத்துட்டு வர்றீங்க. கோவிச்சுக்காதீங்க. உங்க மேல ஒண்ணுமில்லை. எனக்கும் இந்தப் போனுக்கும்தான் கொஞ்ச நாளா ஒத்து வரலை. கோயமுத்தூர் போறதுக்குள்ள சொல்லி முடிச்சுருவேன், கேளுங்க.

நம்ம பேரு சென்னியப்பன். பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். ‘விசாரணை’ன்னு போர்டு போட்டு ஒரு ஜன்னல் இருக்குமில்ல, அதுக்குப் பின்னாலதான் என் சர்வீஸ் பூராவும் போச்சு. நான் ஒருத்தருக்கும் தெரியாதுன்னு சொன்னதில்லீங்க. அதை ஒரு விரதமாட்டமே வச்சிருந்தேன். பாருங்க, ஒரு பொம்பளை கொழந்தைய இடுப்புல வச்சுட்டு, கையில மூட்டையோட வந்து, தாராபுரம் வண்டி எப்பங்கன்னு கேக்கறா. தெரியாதுன்னு சொன்னா அவளுக்கு எப்படி இருக்கும்? இப்ப வந்துரும், அக்கட்ட போய் நில்லுங்கன்னு சொன்னா மொகத்துல ஒரு தெளிச்சி வருது பாருங்க, அதுதான் சர்வீஸு. வண்டி வர்றதும் வராததும் டெப்போக்காரன் சமாச்சாரம்.

ரிட்டயர் ஆனப்ப ஜன்னல்தான் போச்சு, விசாரணை போகலை. தெருவுல எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. எல்லாரையும் விட அதிகமா கேட்டவ அதோ, முன்னாடி லேடீஸ் சீட்டுல, பச்சை சேலை, தலையில கனகாம்பரம், காதுல ஒயர் சொருகியிருக்கா பாருங்க, அவதான். என் சம்சாரம், கமலவேணி. ஏனுங்க, இது என்ன மரம்? ஏனுங்க, இந்த ரோடு எங்க போகுது? ஏனுங்க, இன்னைக்கு மழை வருமா? காலைல எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் கேள்விதான். நானும் சளைக்காம சொல்லிட்டே இருப்பேன். சம்சாரம்னா அப்படி இருக்கோணும் சார். கேக்கறதுக்கு ஒருத்தி இல்லைன்னா நமக்குத் தெரிஞ்சதையெல்லாம் எங்க கொண்டுபோய்க் கொட்டறது?

அவ என்கிட்ட கேட்ட முதல் கேள்விய உங்களுக்குச் சொல்லியாகோணும். ஏன்னா சண்டையே அதுலதான் வந்து நிக்குது.

எங்க கல்யாணம் வைகாசியில, காலை முகூர்த்தம். அம்மி மிதிச்சாச்சு. அருந்ததி பாக்கறதுக்கு வெளிய கூட்டிட்டுப் போனாங்க. வெயில் மண்டையப் பொளக்குது. ஐயர் மேல கையக் காட்டி, தெரியுதாங்கறார். மாமன் தெரியுதுங்கறார், அத்தை தெரியுதுங்கறாங்க, போட்டோக்காரன்கூட தெரியுதுங்கறான். நானும் தெரியுதுன்னேன். இவ மட்டும் தலையைத் தூக்கி நல்லாத் தேடிப் பாத்துப்போட்டு, “எனக்குத் தெரியலைங்க”ன்னா. ஒரே சிரிப்பு. அவங்கம்மா இடுப்புலயே ஒரு கிள்ளு வச்சாங்க. கண்ணுல தண்ணி நின்னுருச்சு அவளுக்கு.

அன்னைக்குச் சாயங்காலம் இருட்டற நேரத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னுட்டிருந்தோம். அதுவரைக்கும் எங்கூட ஒரு வார்த்தை பேசலை அவ. மெதுவா, “ஏனுங்க, அருந்ததி நெசமாவே எதுங்க?”ன்னா. எனக்கு நெஞ்சே நிறைஞ்சு போச்சு. சுத்தியும் பாத்தேன். மேக்கால, அங்க இருக்கற பஞ்சு மில்லுக்கு நேர் மேல, தன்னந்தனியா பளிச்சுனு ஒண்ணு நிக்குது. அதான்னு காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னா. அப்புறம் என்னைப் பாத்துச் சிரிச்சா.

அன்னைல இருந்து வருஷா வருஷம் கல்யாண நாளன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் மாடிக்குப் போய் அருந்ததி பாக்கறது வழக்கம். கோயிலுக்குப் போறமோ இல்லையோ, அது தப்பாது. நீங்க கவனிச்சுப் பாத்திருப்பீங்க, மத்த நட்சத்திரமெல்லாம் நேரம் ஆக ஆக நகரும். அருந்ததி நகராது. அதே எடத்துல நிக்கும். அதனாலதான் அதுக்குப் பத்தினின்னு பேரு. ஐப்பசி மழையில வானமே தெரியாது, அப்பவும் அது மட்டும் தெரியும். ஆயுத பூஜைக்கு அதைச் சுத்திச் சின்னச் சின்னதா, செகப்பும் பச்சையுமா இன்னும் நாலஞ்சு வந்து சேந்துக்கும். என்ன காரணம்னு கேக்கறீங்களா? பூமி அப்ப ஒரு பக்கமா சாயுதுங்க. அதனால உள்ள இருக்கறதெல்லாம் வெளிய தெரியுது.

கமலவேணியோட அண்ணன் அந்த மில்லுலதான் எலக்ட்ரீசியன். ஒருக்கா வீட்டுக்கு வந்தப்ப மாடியில உக்காந்து தோசை சாப்பிட்டுட்டிருந்தான். நான் அருந்ததியக் காட்டி எல்லாத்தையும் வெளக்கமாச் சொன்னேன். அவன் என்னமோ சொல்ல வாயத் தொறந்தான். இவ ஓடி வந்து தட்டுல இன்னொரு தோசைய வச்சு, “பேசாம சாப்பிடுண்ணா”ன்னுட்டா. வீட்டுக்காரன் பேசறப்ப குறுக்க பேசக் கூடாதுங்கற மரியாதை தெரிஞ்சவ.

இப்படி நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? பொங்கலுக்கு எங்க பொண்ணு சுகந்தி பெங்களூர்ல இருந்து வந்தா. அம்மாவுக்குன்னு ஒரு புதுப் போன். வெறும் போன் குடுத்திருந்தா பரவாயில்லை. உக்காந்து அதுக்குள்ள என்னென்னமோ எறக்கி வச்சுட்டா. செடியப் படம் புடிச்சாப் பேர் சொல்றது ஒண்ணு, குருவி கத்தறதக் கேட்டு என்ன குருவின்னு சொல்றது ஒண்ணு, பொஸ்தகத்த அதுவே படிச்சுக் காட்டறது ஒண்ணு, கன்னடம் சொல்லித் தர்றது ஒண்ணு. அம்மாவுக்குப் பொழுது போகோணுமாம். நான் இருக்கறப்ப அவளுக்கு என்னங்க பொழுது போகாம?

முதல்ல மரத்துலதான் ஆரம்பிச்சுது. எங்க தெரு முக்குல புள்ளையார் கோயிலுக்குப் பின்னால ஒரு மரம். அது வன்னி மரம்னு நான்தான் கண்டு சொன்னேன். வன்னி சனிதோஷத்துக்கு நல்லதுன்னு தெருப் பொம்பளைங்க எல்லாம் சனிக்கிழமையானா அதைச் சுத்தி, மஞ்சக் கயிறு கட்டி, எண்ணெய் வெளக்குப் போட்டுட்டு இருக்காங்க. இவ போய் அதை ஒரு படம் எடுத்தா. சீமைக்கருவேலம்னு வந்துச்சு. வேலி ஓரத்துல தானா மொளைக்குமே, வெட்டி வெட்டிப் போட்டாலும் மறுக்கா வருமே, அது. வெளிய ஒருத்தர்கிட்டயும் சொல்லலை அவ. ஆனா அடுத்த சனிக்கிழமை சுத்தப் போகலை. முழங்கால் வலிங்கறா.

அப்புறம் காங்கயம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கார் புடிச்சுப் போனோம். எனக்குத் தெரியாத ரோடா? டிரைவரைக் குறுக்கால தோட்டத்துக்குள்ள விடச் சொன்னேன். இவ மடியில இருந்த போனுக்குள்ள ஒரு அம்மா, திரும்பிப் போங்க திரும்பிப் போங்கன்னு சொல்லிட்டே வருது. நான் பேசாம இருன்னு ரெண்டு தடவ அதட்டினேன். அந்தம்மா குரலை ஒசத்தவே இல்லை. அதே பொறுமையா மறுக்கா சொல்லுது. எனக்கு அதுதான் பொறுக்கலை. ஒரு தென்னந்தோப்புல போய் ரோடு முடிஞ்சு, திரும்பி, கல்யாணத்துக்குப் போய்ச் சேந்தப்ப பந்தியில எலை எடுத்துட்டிருந்தாங்க. கமலவேணி ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தாக்கூட, ரோட்டை மாத்தி வச்ச அந்த ஊர்க்காரனுங்களத்தான் நான் குத்தம் சொல்லியிருப்பேன்.

அதுல இருந்து கேள்வி கொறைய ஆரம்பிச்சுது சார். மரத்தப் பாத்தா என்னைப் பாக்கறதில்லை, போனைத் தூக்கறா. வாசல்ல நின்னு கன்னடத்துல அதுகூடப் பேசறா, அது சபாஷ்னு மணியடிக்குது. கன்னடம்னா என்னங்க, நம்ம பேச்சையே கொஞ்சம் வேகமாப் பேசினாச் சரி, இதுக்குப் போய் பாடமான்னேன். பெங்களூர்ல நான் அப்படித்தான் பேசி வெண்டைக்காய் கேட்டேன். முருங்கைக்காய் குடுத்தான். குடுத்தான்ல? புரிஞ்சிருக்குதுன்னுதானே அர்த்தம்?

எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். பேப்பர் விஷயத்தத்தான் பொறுக்க முடியலை. தெனமும் காலைல அவ அடுப்படியில இருப்பா, நான் வாசப்படிகிட்ட நாற்காலியப் போட்டு பேப்பரை ஒரக்கப் படிப்பேன். வெறுமனே படிக்கறதில்லை, நடுநடுவுல அர்த்தமும் சொல்லிட்டே போவேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நடக்குது. ஒரு நாள் தக்காளி வெலையப் பத்திப் பாதி படிச்சுப்போட்டு நிமுந்து பாக்கறேன், காதுல இந்த ஒயரு. ஏதோ நாவல் கேட்டுட்டிருக்கா. அழுதுட்டே வெங்காயம் நறுக்கறா. வெங்காயத்துக்கு அழுவறாளா கதைக்கு அழுவறாளான்னுகூட எனக்குத் தெரியலை. பேப்பரை மடிச்சு வச்சுட்டேன். மடிச்சு வச்சதுகூட அவளுக்குத் தெரியலை. என்னவோ சார், அன்னைக்குப் பூராவும் எனக்குச் சோறு எறங்கலை. பஸ் ஸ்டாண்டுல கடைசி நாள் ஜன்னலைச் சாத்திட்டு வந்தப்பக்கூட இப்படி இல்லை.

குருவி கதையச் சொன்னாச் சிரிப்பீங்க. வெடியக்காலைல கொல்லைப்புறம் போனை நீட்டிட்டு நிக்கறா. செம்போத்து, தையல்சிட்டு, மைனான்னு ஒண்ணொண்ணா பேர் வருது. அந்த நேரம் நான் பல் வெளக்கிட்டு, தொண்டையக் காறிச் செருமினேன். போன்ல அண்டங்காக்கைன்னு வந்துச்சு. படம் வேற போட்டிருக்குது. கல்லு மேல உக்காந்து சிரிச்சு சிரிச்சு அவளுக்குப் பொரை ஏறிருச்சு. பெங்களூருக்கு வேற சொல்லிட்டா. இப்ப பேத்தி போன் பண்ணினா என்னைக் கேக்கறதில்லை, காக்காத் தாத்தா எங்கங்கறா.

நான் விடுவேனா? அதோட குட்டை ஒடைக்கோணும்னு ஒரு நாள் ஃபிரிட்ஜ் மேல இருக்கற பிளாஸ்டிக் ரோஜாவ எடுத்துட்டு வந்து, இதைப் புடி பாக்கலாம்னேன். படம் எடுத்தா. ஒரு நிமிஷம் யோசிக்கலைங்க அது. ஐரோப்பாவுல வெளையற ஏதோ ஒரு ரோஜாவாம், தண்ணி வாரத்துக்கு ரெண்டு தடவை ஊத்தோணுமாம், வெயில் படோணுமாம். எனக்கு வந்த சந்தோஷத்தப் பாக்கோணுமே. “பாத்தியா? தெரியாதுன்னு ஒரு வார்த்தை அது வாயில வருதா? தெரியலைன்னாலும் அடிச்சு உடுது!”ன்னேன்.

அவ போனையும் பாத்தா, என்னையும் பாத்தா. “ஆமாங்க. அச்சு அசல் உங்களை மாதிரியேதான்”ன்னா.

அந்தப் பொருளு என்னாட்டம் தெகிரியமாப் பேசுதுன்னு அவளே ஒத்துக்கிட்டா. ஆனாலும் அது பொருளுதானேங்க?

இப்படியே வைகாசி வந்துருச்சு. கல்யாண நாளுக்கு முந்தின வாரம் சுகந்தி போன்ல அம்மாகிட்டச் சொல்லிட்டிருக்கா. புதுசா ஒண்ணு இருக்குதாம், வானத்துக்கு நேராப் புடிச்சா எந்த நட்சத்திரம் என்னன்னு பேரோட காட்டுமாம். அதையும் எறக்கிக்கிட்டா. எனக்குப் பகீர்னுது. இல்லை சார், என் அருந்ததி மேல எனக்குச் சந்தேகமே இல்லை. போன் மேலதான் சந்தேகம். பிளாஸ்டிக்குக்குத் தண்ணி ஊத்தச் சொன்ன போனுங்க அது. மேல காட்டினதும் அது பாட்டுக்கு வாய்க்கு வந்தத உளறி வச்சுதுன்னா? மரம் போச்சு, ரோடு போச்சு, பேப்பர் போச்சு. போகட்டும். அது அவ கேட்ட முதல் கேள்வி. அதுவும் போச்சுன்னா அப்புறம் அந்த வீட்டுல நான் எதுக்கு?

கல்யாண நாளன்னைக்கு மத்தியானம் போன்ல இருக்கற டார்ச்சை எரிய விட்டு, தலகாணிக்கு அடியில வச்சுட்டேன், சார்ஜ் தீந்து போகட்டும்னு. சாயங்காலம் அவ எடுத்துத் தொட்டுப் பாத்துட்டு, ஐயோ, இதுக்குக் காய்ச்ச அடிக்குதுன்னு மறுபடியும் சார்ஜுல போட்டுட்டா. என்ன பண்றது? வெளக்கு வச்ச கொஞ்ச நேரத்துல கேசரிக் கிண்ணத்தோட மாடிக்குப் போனோம். போன் அவ கையில.

மேக்கால பாக்கறேன். அருந்ததியக் காணோம்.

வெறும் இருட்டு. கண்ணத் தொடச்சுட்டுப் பாக்கறேன், காணோம். மில்லைத்தான் பொங்கலுக்கு அப்புறம் மூடிட்டாங்களே, அங்க ஒரு வெளிச்சமும் இல்லை, அப்ப நட்சத்திரம் இன்னும் நல்லால்ல தெரியோணும்? மேகம் மறைக்குதுன்னு சொன்னேன். வானம் கழுவி விட்டாப்ல கெடக்குது. ஒரு துளி மேகம் இல்லை.

அவ போனைத் தூக்கி மேக்கால புடிச்சா. அதுல ஒண்ணும் வரலை போல. அப்புறம் மெதுவா அப்படியே திரும்பி வடக்கால புடிச்சா. எனக்கு எட்டிப் பாக்கத் தெகிரியம் வரலை சார். அவ மொகத்துல வெளிச்சம் அடிக்குது, அதையே பாத்துட்டு நின்னேன். வடக்கால எதையோ அவ ரொம்ப நேரம் பாத்தா. அண்ணாந்து வானத்தையும் பாத்தா, போனையும் பாத்தா. கேசரி வாயிலயே நிக்குது.

என்ன பண்ணினாங்கறீங்க? போனை அமத்தினா. கைப்பிடிச் சொவுத்து மேல கவுத்து வச்சா. எம்பக்கத்துல வந்து நின்னு, மேக்கால, மில்லுக்கு நேர் மேல கையக் காட்டி, “எனக்குத் தெரியுதுங்க”ன்னா.

“தெரியுதா?”

“நல்லாத் தெரியுதுங்க. எப்பவும் நிக்கற எடத்துலயே நிக்குது.”

அன்னைக்கு ஊரே தெரியுதுன்னப்ப தெரியலைன்னு சொன்னவ சார் அவ. பொய் சொல்லத் தெரியாதவ. அவளே தெரியுதுன்னா தெரியுதுன்னுதான் அர்த்தம். எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒரு பக்கம் சந்தோஷம், போன் தோத்துப் போச்சுன்னு. இன்னொரு பக்கம், அவளுக்குத் தெரியறது எனக்குத் தெரியலையேன்னு. ஆமாங்க, கோளாறு என் கண்ணுலதான். அதுக்குத்தான் இப்ப கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கறோம். உங்களுக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி, வேண்டாம் வேண்டாம்னு அவதான் தலைபாடா அடிச்சுக்கிட்டா. நான்தான் விடலை. அடுத்த வைகாசிக்குள்ள ஆபரேசனப் பண்ணியாவது பாத்துரோணும்.

அந்த நாள்ல இருந்து ஒரு மாத்தம் சார். மறுபடியும் கேக்க ஆரம்பிச்சுட்டா. காலைல காபியக் கொண்டுவந்து வச்சு, ஏனுங்க, இன்னைக்கு மழை வருமாங்கறா. வராதுன்னு சொல்றேன். சரிங்கன்னு தலைய ஆட்டிட்டு, போறப்ப குடைய எடுத்துட்டுப் போறா. வயசாகுதில்ல, மறதி. பேப்பர் படிக்கறப்ப ஒரு காதுல மட்டும் ஒயர் போட்டுக்கறா, இந்தக் காது எனக்கு. நாவல்ல என்ன நடந்துச்சுன்னு அவளே சொல்றா, முடிவு என்ன ஆகும்னு என்னைக் கேக்கறா. நான் சொல்றேன். இதுவரைக்கும் ஒண்ணும் நான் சொன்னபடி முடியலை. எழுதறவனுங்களுக்கு வெவரம் பத்தலை.

இருங்க, திரும்பிப் பாக்கறா. என்னமோ கேக்கறா. சத்தத்துல கேக்கலை. என்னம்மா?

“ஏனுங்க, கண்ணாஸ்பத்திரிக்கு எந்த ஸ்டாப்புல எறங்கோணும்?”

அடுத்ததுக்கு அடுத்தது! அவசரப்படாம உக்காரு!

கேட்டீங்களா சார்? கையில போன் இருக்குது. நீலப் புள்ளி அதுலயும் ஓடுது, இங்கிருந்தே தெரியுது. ஆனா என்னைத்தான் கேக்கறா. கண்டக்டர்கிட்டயும் என்னமோ சொல்றா, சில்லறை வாங்கியிருக்க மாட்டா. அட, விசில் அடிச்சுட்டான். நிறுத்திட்டான். ஏம்மா, அதுக்குள்ள எந்திரிச்சுட்ட? ஓ, கண்ணாஸ்பத்திரி போர்டு இங்கயே தெரியுதே. ஸ்டாப்பை மாத்திட்டானுங்க போல. சொல்லாம கொள்ளாம மாத்தறதே இவனுங்களுக்கு வேலை. நான் வரேன் சார். அந்தப் பைய மட்டும் எடுத்துக் குடுங்க.

என்ன கேட்டீங்க? படியில நின்னுட்டு எம்பக்கம் கைய நீட்டிட்டு அவ எதுக்குச் சிரிக்கறாங்கறீங்களா? அதுவுங்களா, நான் சொன்ன ஸ்டாப்பு சரியா வந்துருச்சில்ல, அந்தச் சந்தோஷம்.